அறுபத்து மூன்றின் முன்படம்

பொன்மணி குடியிருக்கிற தெருவில் ஒரு வீட்டுக் குழம்பில் உப்புக் குறைந்தால் நாலாவது வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு நடக்கும். அப்பேர்ப்பட்ட தெருவில் ஒருத்தி ஐந்து மாதம் மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு ஒருவர் கண்ணிலும் படாமல் நடமாடிவிட்டாள் என்றால், அது அவளுடைய சாமர்த்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. அவளைக் கவனித்துப் பார்க்க ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. புருஷன் கண்ணன் விசைத்தறி மெக்கானிக்காக இருந்தவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையம் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். பிள்ளை கிடையாது. இளையரசனேந்தலில் ஒரு தம்பி இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வான், அதிலும் பாதிப் பேச்சு காற்றில் போய்விடும். பொன்மணி சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஊரில் பாதிப்பேருடைய ரத்தம் அவள் கை வழியாகப் போயிருக்கிறது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு, எந்த வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் என்ன பரிசோதனை நடந்தது, எல்லாம் தெரியும். வாயைத் திறக்க மாட்டாள். அந்தப் பழக்கம் தொழிலுக்கு நல்லது. சொந்த உடம்புக்கு அது ஆகாது என்பது அவளுக்குப் பிந்தித்தான் புரிந்தது.

கட்டி கையில் தட்டுப்பட்டது ஐப்பசி மாதம், குளிக்கும்போது. சுண்டைக்காய் அளவு இருந்தது. வேறு எவளாவது வந்து சொல்லியிருந்தால் பொன்மணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டாக்டர் முன்னால் நிறுத்தியிருப்பாள். தனக்கு வந்தபோது என்ன செய்தாள் தெரியுமா? விரலி மஞ்சளை எடுத்து அம்மியில் வைத்தாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போட்டால் அமுங்கிவிடும் என்று அவள் அம்மா சொல்லுவாள். அம்மா சொன்னது வேனல் கட்டிக்கு. பயம் வந்தவளுக்கு எல்லாக் கட்டியும் வேனல் கட்டிதான்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பத்துப் போடுவாள். அதில் அவளுக்கு இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒற்றை ஆளுக்குச் சமைக்கிறவள் வாரத்துக்கு இத்தனை மஞ்சள் வாங்கினால் கடைக்காரர் கேட்பார். அதனால் வாரம் ஒரு கடையாக மாற்றி மாற்றி வாங்கினாள். அடுத்த தொல்லை ரவிக்கை. பத்து ஊறி உள்பக்கமெல்லாம் மஞ்சள் கறை. மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டால் பக்கத்து வீட்டுப் பேச்சிக்கா கண்ணில் படும். தாலி அறுத்தவள் ரவிக்கையில் மஞ்சள் என்ன என்று பேச்சிக்கா கேட்டால் அதற்குப் பதில் சொல்லி மாளாது. காலம் மாறிவிட்டது என்பார்கள். மாறியிருக்கலாம், பேச்சிக்கா மாறவில்லை. ஆகவே நான்கு ரவிக்கைகளையும் வீட்டுக்குள்ளேயே, அடுப்படிக்கும் பின்கதவுக்கும் நடுவே கயிறு கட்டிக் காயப்போட்டாள். வெயில் படாத மஞ்சள் கறை போகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கறை அப்படியே இருந்தது, துணியும் ஒரு புழுங்கல் வாடையோடு இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அந்த ஆஸ்பத்திரி சர்ஜன் முகம்மது இஸ்மாயில் கடையநல்லூர்க்காரர். அவரோடு படித்த ஒருவர் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியராக இருக்கிறார். புற்றுநோய்த் துண்டுகளை உயிரோடு பார்க்க வேண்டும், சிறிய ஊர்களிலிருந்தும் துண்டுகள் வேண்டும் என்று அவர் கேட்டதன் பேரில் ஒரு கறுப்புப் பெட்டி சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தது. மீன் தொட்டி அளவு. உள்ளே நீல விளக்கு, மேலே ஆரஞ்சு நிறக் கண்ணாடி, அதற்கு மேலே கேமரா. பெட்டியோடு சென்னையிலிருந்து ஜரினா என்ற ஆராய்ச்சி மாணவி வந்து இரண்டு நாள் தங்கிப் பொன்மணிக்குப் பழக்கிக் கொடுத்தாள். அவளும் கடையநல்லூர்ப் பிள்ளைதான். அதனால் பாடம் புரிந்தது.

"நொதின்னா கத்திரிக்கோல்னு வச்சுக்கிடுங்கக்கா. எல்லா உடம்புலயும் இருக்கு. புத்துநோய் செல்லுல சில கத்திரிக்கோல் ரொம்ப மும்முரமா வேல பாக்கும். சுத்தி இருக்கிற வேலிய வெட்டித்தானே அது வெளிய பரவணும்? இந்தச் சாயத்துக்கு நாங்க வாயக் கட்டி அனுப்பியிருக்கோம். கட்டு இருக்கிற வரைக்கும் இருட்டு. அந்தக் கத்திரிக்கோல் வந்து கட்ட வெட்டுச்சுன்னா பச்சையா எரியும். எவ்வளவு எரியுதோ அவ்வளவு மும்முரம்."

"பார்மலின்ல போட்டா?"

"உருவம் அப்படியே இருக்கும். கத்திரிக்கோல் செத்துப் போவும். அதான் ஐஸ்ல வச்சு அரை மணி நேரத்துக்குள்ள பாக்கணும்."

சென்னையில் இதே சாயத்தை வைத்து மருந்தும் தேடுகிறார்களாம். சின்னச் சின்னக் குழிகளில் நொதியை ஊற்றி, குழிக்கு ஒரு மருந்து போட்டுப் பார்ப்பார்களாம். எந்தக் குழி எரியவில்லையோ அதில் போட்ட மருந்து கத்திரிக்கோலை மழுக்கிவிட்டது என்று அர்த்தம். "எங்களுக்கு அங்கன இருட்டுதான் நல்ல சேதி" என்று ஜரினா சிரித்தாள்.

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு வகைப் படம். சாயம் விடுவதற்கு முன்னால் ஒன்று, அது முன்படம். விட்ட பிறகு நிமிஷத்துக்கு ஒன்றாக இருபது நிமிஷம். முன்படம் எப்போதும் வெறும் இருட்டாகத்தான் இருக்கும். "இருட்டப் போட்டோ எடுத்து என்னத்துக்கும்மா?" என்று பொன்மணி கேட்டதற்கு, "இருட்டா இருந்துச்சுன்னு நமக்குச் சாட்சி வேணும்லாக்கா" என்றாள். கடைசியில் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண். பேர் கிடையாது, எண் மட்டும்தான். சென்னையில் யாருக்கும் ஆள் தெரியாது. நோயாளிக்கு மதிப்பெண் தெரியக் கூடாது. நாலு வாங்கியவர்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகமாக இருக்குமோ என்பதைத்தான் முந்நூறு பேரைச் சேர்த்து வைத்துப் பார்க்கப் போகிறார்கள்.

ஜரினா வாரம் இரண்டு தடவை போன் செய்வாள். எண்களைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில் "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்பாள். பொன்மணியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான் என்பது ஜரினாவுக்குத் தெரியாது.

மாசிக் கடைசியில் கட்டியின் மேல்தோல் வெடித்தது. ஒருநாள் லேப்பில் குனிந்து நிமிர்ந்தபோது ரவிக்கை நனைந்திருப்பதைக் கண்டாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. டாக்டரிடம் போனாள். எத்தனை நாளாக என்று கேட்டார். ஒரு மாதம் என்றாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். "நான்தான் சார்" என்றாள்.

மறுநாள் காலையில் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி எடுப்பதாக ஏற்பாடு. அன்று சாயங்காலமே பொன்மணி சோப்புப் போட்டு, பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். மஞ்சள் போவேனா என்றது. அதனால் மறுநாள், பீட்டாடின் தடவ வந்த நர்ஸ் மாரிசெல்வியிடம், "நீ தள்ளு, நானே தடவிக்கிடுதேன்" என்று பஞ்சை வாங்கிப் பழுப்பு மருந்தைத் தாராளமாகப் பூசிக்கொண்டாள். மஞ்சள் மறைந்தது. டாக்டர் கண்ணில் படவில்லை. கட்டியைக் காட்டிவிட்டாள், கட்டிக்கு என்ன செய்தாள் என்பதைக் காட்டவில்லை. படித்தவள் செய்கிற காரியமா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்ற வெட்கம் அவளுக்கு நோயைவிடப் பெரிதாக இருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு டாக்டர் துண்டை எடுத்தார். அதில் ஒரு பங்கு வழக்கமான பரிசோதனைக்காகப் பார்மலினில் போய்விட்டது. மிச்சத்தை இரண்டாக்கி ஐஸில் வைத்தார்கள். ஒன்று இங்கே உடனே பார்க்க, இன்னொன்று கத்திரிக்கோல் சாகாதபடி உறையவைத்துச் சென்னைக்கு அனுப்ப. பெட்டி வேலை தெரிந்த ஆள் அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்திதான்.

"நீ படுத்திரு பொன்மணி. இந்த ஒண்ணு போனாப் போவுது" என்றார் டாக்டர்.

"இல்ல சார், அரை மணி நேரத்துல செத்துப் போவும்" என்று எழுந்துவிட்டாள். கட்டுப் போட்டு, சேலையைச் சரிசெய்து, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, தன் உடம்பின் துண்டைத் தானே ஐஸ் டப்பாவில் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். எதிரே வந்த ஒரு கரிவலம்வந்தநல்லூர் ஆள், "எக்கா, ரிசல்ட்டு எப்பம் தருவிய?" என்று கேட்டார். "பதினோரு மணிக்கு மேல வாங்க" என்று பதில் சொன்னாள். டப்பாவில் 63 என்று அவளே எண் ஒட்டினாள்.

எழுந்து உடுத்தி நடந்ததில் இருபத்தாறு நிமிஷம் போயிருந்தது. மிச்சம் நாலே நிமிஷம். முன்படம் எடுக்கவில்லை. நேரே சாயத்தை விட்டு மூடியைச் சாத்தி, விளக்கைப் போட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

எரிந்துகொண்டிருந்தது.

மற்றத் துண்டுகள் எல்லாம் எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் கழித்துத்தான் மெல்ல மெல்லப் பச்சை காட்டும். இது பார்த்த மாத்திரத்திலேயே ஓரம் முழுக்க எரிந்தது. அறுபத்து இரண்டு துண்டுகளில் அவள் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. சாயம் துண்டில் ஊறக்கூட நேரம் ஆகவில்லையே, அதற்குள் எப்படி என்று நிதானத்தில் இருந்தவள் யோசித்திருப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பொன்மணிக்கு அன்றைக்கு வெளிச்சமே பேயாகப் போயிற்று. இவ்வளவு வெறி பிடித்ததா என் உடம்புக்குள் இருந்தது என்றுதான் நினைத்தாள். இருபது நிமிஷமும் நின்றபடியே பார்த்தாள். மதிப்பெண் கட்டத்தில் 4 என்று எழுதினாள். பிறகு பதினோரு மணி ரிசல்ட்டுகளை எழுத உட்கார்ந்தாள்.

ஐந்தாம் நாள் பார்மலின் துண்டின் அறிக்கை வந்தது. புற்றுநோய்தான். டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கை மீறிப் போகவில்லை, ஆனால் இனி ஒரு நாள் வீணாக்கக் கூடாது, திருநெல்வேலியில் தனக்குத் தெரிந்த இடத்தில் சொல்லிவிட்டேன், வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தால் வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார். கடிதமும் அட்மிஷன் படிவமும் கொடுத்தார். சரி சார், சரி சார் என்று தலையாட்டினாள்.

போவதாக அவளுக்கு எண்ணமே இல்லை.

டாக்டர் நல்லவர், ஆறுதலுக்குச் சொல்லுவார். வெளிச்சத்துக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. நாலு வாங்கினது திரும்பி வரும் என்றால், இப்போது மார்பை அறுத்து, முடி கொட்டி, வாந்தி எடுத்து, தெரியாத ஊரில் தெரியாத கட்டிலில் கிடந்து என்ன கண்டோம் என்று கணக்குப் போட்டுவிட்டாள். அந்தப் படிவத்தில் "உடன் இருப்பவர் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தது. தம்பி பேரை எழுதலாமா என்று பேனாவைத் திறந்தாள். அவன் பருத்தி எடுக்கிற நேரம். அவன் பெண்டாட்டி போனை வாங்கி, "எத்தன நாளு மதினி இருக்கணும்?" என்று கேட்கப் போகிற குரல் இப்போதே காதில் விழுந்தது. பேனாவை மூடிவிட்டாள். கடிதத்தையும் படிவத்தையும் லேப் மேசையின் அடி டிராயரில், பழைய ரசீதுகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினாள்.

மறுநாளிலிருந்து மாரிசெல்விக்குப் பெட்டி வேலையைப் பழக்க ஆரம்பித்தாள். "நீங்க எங்க போப்போறிய, என்னைய இந்த இருட்டுக்குள்ள தள்ளுதிய?" என்று அவள் சிணுங்கினாள். "எங்கயும் போகல. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுதானே" என்றாள் பொன்மணி. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அவள் அழவில்லை. அழுவதற்குக்கூட எதிரே ஒரு ஆள் வேண்டும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜரினா கூப்பிட்டாள்.

"அக்கா, அறுபத்து மூணுக்கு முன்படம் வரலையே?"

"அன்னைக்கு எடுக்க விட்டுப்போச்சும்மா."

"நீங்களா விட்டீங்க? சரி, போட்டும். ஆனா ஒரு குழப்பம் இருக்குக்கா. முதல் நிமிசத்துலயே இப்படி எரியுது. நொதிக்கு வேல பாக்க நேரம் வேணும்லா? சாயம் உள்ள போவணும், கட்ட வெட்டணும், அப்புறம்தான எரியணும். எந்த நொதியும் இந்த வேகத்துல வெட்டாது. அதான் எங்கிட்ட வந்த இன்னொரு துண்ட எடுத்து, சாயமே விடாம விளக்குல வச்சுப் பாத்தேன்."

பொன்மணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன?"

"சாயம் விடாமலே எரியுதுக்கா! ஓரத்துல, தோல் இருக்கிற பக்கம் மட்டும். எங்க சாருக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் புரிஞ்சு போச்சு. எங்க வீட்ல கட்டி வந்தா முதல்ல என்ன செய்வாங்க? மஞ்சள்தான். மஞ்சள் இந்த நீல விளக்குல தானாவே பச்சையா எரியும்க்கா. தோல்ல ஊறிட்டா லேசுல போவாது. அந்தப் பேஷண்டு மஞ்சப் பத்து எதும் போட்டிருந்தாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுதீங்களா? அவங்க ஒத்துக்கிட மாட்டாங்க, வெக்கப்படுவாங்க. நீங்க தன்மையாக் கேளுங்க."

"கேட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிப் பொன்மணி போனை வைத்தாள்.

மாரிசெல்வி ஜன்னலோரம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். ஒரு தட்டில் எலுமிச்சை சாதம், இன்னொன்றில் தயிர்ச் சோறு.

"ஏட்டி, எனக்கு ரெண்டு பருக்கை தா."

"ரெண்டு பருக்கையா? நல்லா அள்ளிச் சாப்பிடுங்கக்கா, நீங்க ஒரு வாரமா எங்க சாப்பிடுதிய?"

"சாப்பிட இல்ல. இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு."

மஞ்சள் பருக்கை ஒன்றையும் வெள்ளைப் பருக்கை ஒன்றையும் வடிதாளில் வைத்துப் பெட்டிக்குள் விட்டாள். சாயப் புட்டியைத் தொடவே இல்லை. மூடியைச் சாத்தி விளக்கைப் போட்டாள். வெள்ளைப் பருக்கை இருட்டாகக் கிடந்தது. எலுமிச்சை சாதம் எரிந்தது. அவளைக் கொல்லப் போகிறது என்று அவள் நம்பியிருந்த அதே பச்சை, அதே வெறி, ஒரு சோற்றுப் பருக்கையில்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று மாரிசெல்விக்குத் தெரியவில்லை. கையில் கவளத்தை வைத்துக்கொண்டு, "என்னக்கா, சோத்துல எதும் கிடந்துச்சா?" என்று பயந்து கேட்டாள். பொன்மணி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, கறுப்புப் பெட்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வாரமாகத் தான் செத்துப் போனவளாக நடமாடியதை நினைத்து அழுதாள். ஐந்து மாதமாகத் தன் கையாலேயே பூசிப் பூசித் தன்னை ஏமாற்றிக்கொண்டதை நினைத்து அழுதாள். முன்படம் எடுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இருட்டாக இருந்ததா என்று பார்க்காமலே எரிகிறது என்று முடிவு கட்டியவள் அவள்.

முகத்தைக் கழுவிவிட்டு ஜரினாவைக் கூப்பிட்டாள்.

"கேட்டேம்மா. பத்துப் போட்டது நெசந்தானாம்."

"நெனச்சேன். எத்தன நாளாப் போட்டாங்களாம்?"

"அஞ்சு மாசமா."

"அஞ்சு மாசமா! வீட்ல ஒருத்தரும் பாக்கலையா?"

"வீட்ல ஆளு கிடையாது."

"பாவம்க்கா. கூட ஒரு ஆளு இருந்திருந்தா முத மாசமே இழுத்துட்டு வந்திருப்பாங்க. சரி, நான் அந்தத் துண்டுல தோல் பக்கத்த வெட்டி எடுத்துட்டு, உள் சதைய மட்டும் மறுபடி பாத்தேன். முன்படம் நல்ல இருட்டு. சாயம் விட்டு பதினோரு நிமிசம் கழிச்சுத்தான் லேசா வந்துச்சு. ரெண்டுதான் போட்டிருக்கேன். பேஷண்டுகிட்ட சொல்லிராதீங்க, சொல்லப்பிடாது."

"நாலுன்னாலும் ரெண்டுன்னாலும் திரும்பி வருமா வராதான்னு…"

"ஒரு ஆளுக்கு அத வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதுக்கா. இது சோசியம் இல்ல. முந்நூறு பேரு சேந்தாத்தான் இதுக்கு வாயே வரும். அதும் வருதோ என்னமோ, எங்க சாருக்கே சந்தேகம். ஏங்க்கா, அந்தப் பேஷண்டு எதும் பயந்து போயிட்டாங்களா? அவங்களுக்கு மார்க்கு தெரிஞ்சு போச்சா?"

வராந்தாவில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். பொன்மணி போனை இடக் காதுக்கு மாற்றினாள்.

"அறுபத்து மூணு நான்தாம்மா" என்றாள்.



"அக்கா" என்றாள் ஜரினா. குரல் மாறியிருந்தது. "நீங்களேவா வச்சுப் பாத்தீங்க? உங்க துண்ட நீங்களே…"

"வேற ஆளு இல்லையே."

"எப்பம் ஆபரேசன்?"

"திங்கக்கிழமை போய்ச் சேரணும்."

"யாரு கூட வாரா?"

பொன்மணி பூட்டிய அடி டிராயரைத் திறந்து, ரசீதுகளுக்குக் கீழே இருந்த படிவத்தை எடுத்தாள். "உடன் இருப்பவர்" கட்டம் வெறுமையாகவே இருந்தது.

"இங்கன பாருங்க. நான் புதன்கிழமைக்குள்ள வந்து சேந்துருவேன். ஆனா திங்கக்கிழமை நீங்க தனியாப் போவப்பிடாது. அல்லாவுக்காக, அங்கன யாருகிட்டயாவது வாயத் தொறந்து சொல்லுங்கக்கா. நம்பரச் சொல்லாதீங்க. உங்க பேரச் சொல்லுங்க."

சனிக்கிழமை காலையில் பொன்மணி நான்கு ரவிக்கைகளையும் வாளியில் ஊறவைத்துத் துவைத்தாள். கறை போகவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, அவற்றோடு மொட்டை மாடிக்குப் படியேறினாள். கட்டுப் போட்ட பக்கம் வலித்தது. பங்குனி வெயில் எட்டு மணிக்கே சுள்ளென்று அடித்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொடி அது. ஒவ்வொன்றாக உதறி, கறை தெரியாதபடிக்கு உள்பக்கம் உள்ளேயே இருக்க, வரிசையாகப் போட்டாள். வந்தது வந்துவிட்டாள், அந்த அளவுக்குத்தான் தைரியம் வந்தது.

பேச்சிக்கா வடகம் காயப்போட வந்தவள் கொடிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அந்தக் கண்ணுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் ஒன்றுதான். ஒரு ரவிக்கையின் கழுத்தை விரலால் நகர்த்திப் பார்த்தாள்.

"ஏட்டி பொன்மணி, என்னட்டி இது? மஞ்சளா?"

"ஆமா."

"உனக்கு எதுக்குட்டி மஞ்சள்?"

இத்தனை மாதமாக எந்தக் கேள்விக்குப் பயந்து அடுப்படியில் கயிறு கட்டினாளோ, அதே கேள்வி, சொல் மாறாமல் வந்தது. பொன்மணி வாளியைக் கீழே வைத்தாள்.

"மார்ல கட்டிக்கா. புத்துநோய். அஞ்சு மாசமா யாருக்கும் சொல்லாம பத்துப் போட்டேன். திங்கக்கிழமை திருநவேலிக்கு ஆபரேசனுக்குப் போவணும்."

அந்தத் தெருவில் பேச்சிக்கா பேச்சில்லாமல் நின்றதை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு நின்றாள். கையில் வடகத் தட்டு அப்படியே இருந்தது. பிறகு அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வந்து, கொடியில் கிடந்த ரவிக்கைகளை ஒவ்வொன்றாக உருவினாள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, மஞ்சள் கறை முழுசும் வெயில் பார்க்கும்படி மறுபடியும் போட்டு, காற்றில் போகாமல் கிளிப்பை மாட்டினாள்.

"கறை உள்ளேயே கிடந்தா எப்படிட்டி போவும், கோட்டிக்காரி" என்று திட்டினாள். திட்டும்போதே குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நான்காவது ரவிக்கைக்கும் கிளிப்பை மாட்டிவிட்டுக் கேட்டாள்.

"திங்கக்கிழமை எத்தன மணி பஸ்சுக்கு நாம கிளம்பணும்?"